தமிழ்த் தளத்துக்கு ஆள் வரவில்லை: அடைப்பு எங்கே என்று அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

தளத்துக்கு ஆள் வரவில்லை என்றதும் பலரும் செய்வது இரண்டுதான். இன்னும் பத்துப் பதிவு எழுதுவார்கள், இல்லாவிட்டால் காசு கட்டி விளம்பரம் போடுவார்கள். தேடுபொறி எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு (robots.txt) கூகுளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தால் நூறு பதிவு எழுதியும் பயனில்லை. தலைப்பில் இருக்கும் சொல்லை யாருமே தேடுவதில்லை என்றால் சர்வரை மாற்றியும் பயனில்லை. ஒரு பக்கம் வாசகரிடம் போய்ச் சேர, கூகுள் அதைப் படிக்க வேண்டும், இன்டெக்ஸில் (தன் தேடல் பட்டியலில்) சேர்க்க வேண்டும், தேடுபவருக்குக் காட்ட வேண்டும், அவர் கிளிக் செய்ய வேண்டும், வந்தவர் நின்று படிக்க வேண்டும். இந்த வரிசையில் முதலில் எது அறுந்திருக்கிறதோ அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

இங்கே சொல்வது, வேர்ட்பிரஸிலோ பிளாக்கரிலோ ஓடும், தமிழில் தகவல் தரும் தளங்களுக்கு. கையில் வேண்டியவை, கூகுள் தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல், தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ், பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னல். மூன்றும் இலவசம். சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்க்கும்போது 'டொமைன்' வகையைத் தேர்ந்தெடுத்து, டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (டொமைன் பெயரைச் சர்வரோடு இணைக்கும் அமைப்பு) பகுதிக்குப் போய் அவர்கள் தரும் டிஎக்ஸ்டி வரியை ஒட்டுங்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரி, இல்லாத முகவரி, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் எல்லாம் ஒரே கணக்கில் வந்துவிடும். பிளாக்கரின் இலவச முகவரி என்றால் டிஎன்எஸ் உங்கள் கையில் இல்லை, 'யுஆர்எல் பிரிஃபிக்ஸ்' வகையே போதும். முழுமையான எண்கள் இரண்டு மூன்று நாள் பின்தங்கித்தான் வரும். நேற்றுச் செய்த திருத்தத்தின் பலனை இன்று தேடாதீர்கள்.

அறிகுறி: கூகுளில் தளமே இல்லை

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, கோலன் குறி போட்டு, இடைவெளி விடாமல் தள முகவரியைக் கொடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் தளமே கூகுளை 'வராதே' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங். அடியில் தேடுபொறிகள் இன்டெக்ஸ் செய்வதைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கும். தளம் கட்டும்போது டெவலப்பர் அதை டிக் செய்துவிட்டு, ஒப்படைக்கும் நாளில் எடுக்க மறப்பது அடிக்கடி நடப்பது. பிளாக்கரில் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் தேடுபொறிகளுக்குத் தெரியட்டுமா என்று ஒரு ஸ்விட்ச் உண்டு, அது ஆனில் இருக்க வேண்டும். பிளாக்கரில் கஸ்டம் ரோபோட்ஸ் பகுதியில் யாரோ சொன்னதைக் கேட்டு எதையாவது ஒட்டியிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். தானாக வரும் அமைப்பே நன்றாக வேலை செய்கிறது.

அடுத்தது ரோபோட்ஸ் கோப்பு. தள முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் பிரவுசரிலேயே திறக்கும். 'டிஸ்அலவ்' என்ற வரியில் வெறும் ஒரு சாய்கோடு மட்டும் இருந்தால் முழுத் தளமும் பூட்டியிருக்கிறது என்று பொருள். அதே வரியில் சாய்கோடுகூட இல்லாமல் வெற்றாக இருந்தால் தடை எதுவும் இல்லை. ஒரே எழுத்துதான் வித்தியாசம், நன்றாக உற்றுப் பாருங்கள். கோப்பே இல்லாமல் 404 வந்தாலும் பிரச்சினை இல்லை, தடையில்லை என்றே கூகுள் எடுத்துக்கொள்ளும். அந்தக் கோப்புக்கு சர்வர் 500 வகைப் பிழை கொடுத்தால்தான் ஆபத்து. கூகுள் தளத்தைப் படிப்பதையே நிறுத்தி வைக்கும்.

இன்னொரு குழப்பமும் இங்கே நடக்கும். ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து எடுக்க நினைத்து 'இதை இன்டெக்ஸில் சேர்க்காதே' என்று சொல்லும் நோஇன்டெக்ஸ் குறியும் போட்டு, ரோபோட்ஸிலும் தடுப்பார்கள். தடுத்த பக்கத்தைக் கூகுள் திறப்பதில்லை. திறக்காததால் உள்ளே இருக்கும் நோஇன்டெக்ஸ் அதன் கண்ணில் படாது. பக்கம் விளக்கமில்லாத வெறும் முகவரியாகத் தேடலில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: சில பக்கங்கள் இருக்கின்றன, பாதி காணவில்லை

சர்ச் கன்சோலில் 'பேஜஸ்' அறிக்கையைத் திறந்தால், இன்டெக்ஸில் சேராத பக்கங்கள் காரணம் வாரியாகப் பிரிந்திருக்கும். எல்லாக் காரணமும் கோளாறு அல்ல. வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் (ரீடைரக்ட் ஆகும்) பக்கம், நீங்களே நோஇன்டெக்ஸ் போட்ட டேக் பக்கம் போன்றவை அங்கேதான் இருக்க வேண்டும். கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, 'டிஸ்கவர்டு, இன்டெக்ஸ் ஆகவில்லை'. முகவரி கூகுளுக்குத் தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. சர்வர் மெதுவாக இருந்தால் இப்படி ஆகும். தேவையில்லாத முகவரிகள் பெருகிக் கிடந்தாலும் ஆகும். முந்நூறு பதிவுள்ள தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் பதினைந்து டேக் போட்டு, ஒவ்வொரு டேக்கும் ஒரு பக்கமாகி, ஆயிரக்கணக்கில் வெற்றுப் பக்கங்கள் நிற்கும். ஒரே ஒரு பதிவு மட்டும் உள்ள டேக்குகளை அழியுங்கள். முகப்பிலிருந்து மூன்று கிளிக்கில் எந்தப் பதிவையும் அடைய முடிய வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பே இல்லாத பதிவு, சைட்மேப்பில் (தளத்தின் முகவரிகளைப் பட்டியலிட்ட கோப்பில்) மட்டும் இருந்தால் கூகுள் அதைப் பெரிதாக மதிக்காது.

மற்றது, 'கிரால்டு, இன்டெக்ஸ் ஆகவில்லை'. வந்து படித்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டது. இங்கே டெக்னிக்கல் கோளாறு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மற்ற தளங்களில் உள்ள அதே செய்தியை நான்கு வரியில் மாற்றி எழுதியதாக இருக்கும், அல்லது உங்கள் தளத்திலேயே ஒரே விஷயத்துக்கு ஐந்து பதிவு இருக்கும். ஐந்தையும் ஒன்றாக்கி, மீதி நான்கை 301 ரீடைரக்ட் (நிரந்தரத் திருப்பம்) மூலம் அந்த ஒன்றுக்குத் திருப்புங்கள். 'ரிக்வெஸ்ட் இன்டெக்ஸிங்' பொத்தானைத் தினமும் அழுத்துவது வேண்டுதல் மாதிரி, மனத்திருப்தி கிடைக்கும்.

சைட்மேப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கோப்பில் 50,000 முகவரி, 50 எம்பி வரை போகலாம். அதில் 'பிரயாரிட்டி' என்று எண் போடுவதைக் கூகுள் கண்டுகொள்வதே இல்லை. கடைசியாகத் திருத்திய தேதியை மட்டும், அது உண்மையாக இருந்தால், பயன்படுத்துகிறது. தினமும் எல்லாப் பதிவுக்கும் தேதியை மாற்றும் பிளக்இன் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: உங்கள் பக்கத்து வாக்கியத்தையே தேடினாலும் உங்கள் பக்கம் வரவில்லை

இது தமிழ்த் தளங்களுக்கே உரிய நோய். எந்த ஆங்கில வழிகாட்டியிலும் இதற்கு மருந்து கிடைக்காது. சோதனை எளிது. இன்டெக்ஸில் இருப்பதாகச் சர்ச் கன்சோல் சொல்லும் ஒரு பக்கத்தைத் திறந்து, நடுவிலிருந்து ஏழெட்டுச் சொல் உள்ள வாக்கியம் ஒன்றைப் பாருங்கள். அதைக் காப்பி எடுக்காமல், செல்போன் கீபோர்டில் நீங்களே தட்டச்சு செய்து, இரட்டை மேற்கோளுக்குள் வைத்துத் தேடுங்கள். வரவில்லை என்றால், அதே வாக்கியத்தைப் பக்கத்திலிருந்து காப்பி எடுத்துத் தேடுங்கள். இப்போது வருகிறது என்றால் உங்கள் பக்கத்தில் இருக்கும் எழுத்தும் வாசகர் அடிக்கும் எழுத்தும் வேறு வேறு. கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும், கம்ப்யூட்டருக்கு வேறு.

அதிகம் மாட்டுவது ஔகாரம். 'கௌரவம்' என்று எழுத வேண்டிய இடத்தில், ஒற்றைக்கொம்பு போட்டு, க போட்டு, பின்னால் ளகரத்தையே அடித்துவிடுவார்கள்: 'கெளரவம்'. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 'ஔவையார்' என்பதற்கு 'ஒளவையார்' என்று ஒகரமும் ளகரமும் சேர்த்து அடிப்பதும் இதே வகை. கூகுள் பரவலாகப் புழங்கும் சொற்களில் தானே ஊகித்துக்கொள்ளும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், மருந்துப்பெயர் என்று வரும்போது அந்த ஊகத்தை நம்ப முடியாது. தளத்துக்குள்ளேயே இருக்கும் தேடல் பெட்டிக்கு அந்த ஊகமும் கிடையாது.

திருத்தும்போது ஒரு கண்ணி இருக்கிறது. டேட்டாபேஸில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஒரே அடியாக ஔகாரமாக மாற்றினால் 'வெள்ளம்', 'தெளிவு', 'கெளுத்தி மீன்' எல்லாம் நாசமாகும். 'ஒள'வை அப்படி மாற்றினால் 'ஒளி'யும் போய்விடும். முழுச் சொல்லாகத்தான் மாற்ற வேண்டும். மௌனம், பௌர்ணமி, கௌரி, சௌகரியம், பௌத்தம், ஔவையார், ஔடதம் என்று உங்கள் தளத்தில் புழங்கும் சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுங்கள். முதலில் பேக்கப். பெரும்பாலான தளங்களுக்கு இருபது சொல் தாண்டாது.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. தமிழ் எண்களை எழுத்தாக அடிப்பது: ககரத்துக்குப் பதில் ௧, எகரத்துக்குப் பதில் ௭, 'ரு'வுக்குப் பதில் ௫. பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து ஓசிஆரில் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவியில்) எடுத்த உரையில் துணைக்கால் ரகரமாக மாறி, 'பாடம்' என்பது 'பரடம்' ஆகிக் கிடக்கும். ஓசிஆர் உரையை ஒரு ஆள் உட்கார்ந்து படிக்காமல் ஏற்றவே கூடாது.

பழைய எழுத்துருச் சிக்கல் இன்னும் மோசம். இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய பாமினி, டாப், டாம், டிஸ்கி காலத்துக் கட்டுரைகளை அப்படியே வைத்திருக்கும் தளங்கள் இன்றும் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு பத்தியைக் காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக விழுந்தால் பாமினி. மெய்யெழுத்தின் புள்ளி அதில் அரைப்புள்ளி விசையில் இருக்கிறது, அதனால்தான் அத்தனை அரைப்புள்ளி. கூகுள் படிப்பதும் அந்தக் குப்பையைத்தான். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் ஆங்கிலச் சொற்கள் இருந்த இடங்களைச் சரிபார்க்க வேண்டும், கருவி அவற்றையும் தமிழாக நினைத்து மாற்றியிருக்கும். பிடிஎஃப் கோப்புகளுக்கும் இதே சோதனை. அழகாகத் தெரியும் பிடிஎஃப் உள்ளுக்குள் பழைய எழுத்துருவாக இருந்தால் தேடலுக்கு அது இல்லாத மாதிரிதான்.

படத்துக்குள் எழுதிய உரையும் அப்படியே. பூஜை நேரம், விலைப்பட்டியல், நிகழ்ச்சி நிரல் என்று முக்கியமானதையெல்லாம் போஸ்டராக்கி ஏற்றிவிட்டு, பக்கத்தில் 'வணக்கம்' என்று ஒரு வரி எழுதினால் கூகுளுக்குப் படிக்கக் கிடைப்பது அந்த வணக்கம்தான்.

அறிகுறி: இன்டெக்ஸில் இருக்கிறது, இம்ப்ரெஷனே இல்லை

இம்ப்ரெஷன் என்பது தேடல் முடிவில் உங்கள் பக்கம் எத்தனை முறை தெரிந்தது என்ற எண். இப்போது எழுத்து சரி, சொல் தவறு. எழுதுபவர் ஏட்டுத் தமிழில் எழுதுகிறார், தேடுபவர் வாயில் வரும் தமிழில் தேடுகிறார்.

'நில ஆவணங்களில் உரிமையாளர் பெயர்மாற்ற நடைமுறைகள்' என்று தலைப்பு வைத்த பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தேடுபவர் அடிப்பது 'பட்டா பெயர் மாற்றம் செய்வது எப்படி'. பட்டா என்ற சொல்லே தலைப்பில் இல்லை. 'வில்லங்கச் சான்றிதழ்' என்று நீங்கள் எழுதுவீர்கள், அவர் 'ஈசி பார்ப்பது எப்படி' என்பார். 'ஓட்டுநர் உரிமம்' என்பதை 'லைசென்ஸ்' என்றுதான் தேடுவார். அதே விஷயத்தை யாழ்ப்பாணத்திலிருந்து தேடுபவர் 'சாரதி அனுமதிப்பத்திரம்' என்பார். பக்கம் தமிழ்நாட்டு நடைமுறைக்கானது என்றால் இலங்கைச் சொல்லைத் திணிக்க வேண்டியதில்லை, அங்கிருந்து வருபவருக்கு அது பயன்படப்போவதும் இல்லை. இரண்டு நாட்டுக்கும் எழுதுகிறீர்கள் என்றால் தனித்தனிப் பக்கம்.

ஏட்டுச் சொல்லை விட்டுவிடச் சொல்லவில்லை. தலைப்பில் தேடுபவரின் சொல், முதல் பத்தியில் இரண்டும், உள்தலைப்புகளில் மாறி மாறி. அது போதும்.

அடுத்தது புணர்ச்சி. 'முருங்கைக்கீரை' என்று சேர்த்து எழுதுவதுதான் இலக்கணம். செல்போனில் அடிப்பவர் 'முருங்கை கீரை சூப்' என்று ஒற்று விட்டு, பிரித்து அடிக்கிறார். வேற்றுமை உருபு ஒட்டிய சொல்லும் இப்படித்தான். 'சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் பேருந்துகள்' என்ற தலைப்பில் 'சென்னை', 'மதுரை', 'பஸ்' ஆகிய மூன்றும் தனியாக எங்கும் இல்லை. 'சென்னை – மதுரை பஸ் நேரம், கட்டணம்' என்று வைத்தால் மூன்றும் நிற்கும். கூகுள் தமிழ் விகுதிகளை ஓரளவு பிரித்துப் புரிந்துகொள்கிறது. ஓரளவுதான். முக்கியச் சொல் ஒரு முறையாவது உருபு ஒட்டாமல், வெறும் பெயர்ச்சொல்லாகத் தலைப்பிலோ உள்தலைப்பிலோ இருக்கட்டும். கட்டுரைக்குள் இலக்கணப்படியே எழுதுங்கள். ஒற்று இல்லாத தமிழை எழுதினால்தான் கூகுள் மதிக்கும் என்பது தவறான எண்ணம்.

மக்கள் என்ன அடிக்கிறார்கள் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. இன்காக்னிட்டோவில் கூகுளைத் திறந்து 'பட்டா' என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கீழே விழும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பின் 'பட்டா அ', 'பட்டா க', 'பட்டா ச' என்று ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவாக்குவது, உட்பிரிவு, சர்வே எண் வைத்துத் தேடுவது என்று அரைமணி நேரத்தில் நாற்பது கேள்வி தேறும். கூகுள் டிரெண்ட்ஸில் இடத்தைத் தமிழ்நாடு என்று குறுக்கிவிட்டு இரண்டு சொற்களை ஒப்பிட்டால் எது அதிகம் புழங்குகிறது என்பதும் தெரியும்.

சர்ச் கன்சோலில் தமிழ் எழுத்தில் வரும் தேடல்களையும் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும் தேடல்களையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் ஃபில்டர், அதில் குவெரி (தேடிய சொல்), அதில் 'கஸ்டம் ரீஜெக்ஸ்' (எழுத்து வடிவத்தைச் சொல்லிப் பொருத்திப் பார்க்கும் முறை). பெட்டியில் [அ-ஹ] என்று அப்படியே அடியுங்கள். அகரத்திலிருந்து ஹகரம் வரை ஏதாவது ஒரு எழுத்து இருக்கும் தேடல் மட்டும் நிற்கும், அதாவது தமிழ் எழுத்தில் அடித்தவை. 'பொருந்தாதவை' என்று மாற்றினால் மற்றவை. சமையல், ராசிபலன், பாட்டு வரிகள் போன்றவற்றில் ஆங்கில எழுத்தில் தேடுவோர் நிறைய இருப்பார்கள். அவர்களுக்காக ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி இன்னொரு பக்கம் உருவாக்காதீர்கள், ஒரே சரக்கு இரண்டு பக்கமாகி இரண்டுமே பலவீனமாகும். பக்க முகவரியிலும் படத்தின் கோப்புப் பெயரிலும் அந்த ஆங்கில எழுத்து வடிவத்தை வைத்தால் போதும்.

மெட்டா கீவேர்ட்ஸ் பெட்டியில் நூறு சொல் அடைப்பதை விட்டுவிடுங்கள். வலைத் தேடலில் அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

அறிகுறி: இம்ப்ரெஷன் ஆயிரக்கணக்கில், கிளிக் கைவிரல் விட்டு எண்ணும் அளவு

உடனே தலைப்பை மாற்றப் போகாதீர்கள். பக்கத்தின் சராசரி இடத்தை நம்பாமல், அந்தப் பக்கத்தைக் கிளிக் செய்து குவெரி பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு தேடலுக்கும் எத்தனையாவது இடம் என்று பாருங்கள்.

இடம் 11க்கு மேல் என்றால் நீங்கள் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறீர்கள். தலைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே வந்து பார்ப்பவர் குறைவு. அந்தத் தேடலுக்கு முதல் ஐந்து இடத்தில் இருப்பவர்கள் என்ன தருகிறார்கள், உங்களிடம் என்ன இல்லை என்று ஒப்பிடுங்கள். பட்டா பக்கம் என்றால் கட்டணம், தேவையான ஆவணம், மனு தள்ளுபடி ஆனால் யாரிடம் மேல்முறையீடு செய்வது போன்றவை. உங்கள் தளத்தின் தொடர்புள்ள ஐந்தாறு பழைய பதிவுகளிலிருந்து இந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். இணைப்பில் 'இங்கே கிளிக் செய்யவும்' என்று இருக்கக் கூடாது, 'பட்டா பெயர் மாற்றம்' என்றே இருக்க வேண்டும்.

இடம் 1 முதல் 5க்குள், ஆனாலும் கிளிக் இல்லை என்றால், முதலில் அந்தச் சொல்லைச் செல்போனில் நீங்களே தேடிப் பாருங்கள். 'ஒரு டாலர் எத்தனை ரூபாய்', 'இன்று சென்னையில் மழை வருமா' மாதிரிக் கேள்விகளுக்குக் கூகுளே மேலே பதில் போட்டுவிடும். அந்த இம்ப்ரெஷன் உங்களுக்குக் கிளிக்காக மாறாது, அதை விட்டுவிட்டு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்குப் போங்கள். மேலே பதில் எதுவும் இல்லை என்றால்தான் தலைப்பில் குறை. கூகுள் தலைப்பை எழுத்து எண்ணிக்கையால் வெட்டுவதில்லை, அகலத்தால் வெட்டுகிறது. ண, ணை, ஞௌ, கூ எல்லாம் இடத்தை அடைத்துக்கொள்வதால் தமிழ்த் தலைப்பு ஆங்கிலத்தைவிடச் சீக்கிரம் வெட்டுப்படும். சொல்ல வேண்டியதை முதல் ஐந்தாறு சொல்லுக்குள் சொல்லிவிடுங்கள். தளத்தின் பெயரைத் தலைப்பின் தொடக்கத்தில் போடும் தீம் என்றால் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 'அதிர்ச்சி!', 'இதைப் பாருங்க' எல்லாம் இடத்தை வீணடிக்கும். மாற்றிய தேதியைக் குறித்து வைத்து, முந்தைய 28 நாளையும் பிந்தைய 28 நாளையும் ஒப்பிடுங்கள். ஒரே நேரத்தில் தலைப்பையும் உள்ளடக்கத்தையும் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

அறிகுறி: வருகிறார்கள், வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள்

அனலிட்டிக்ஸில் ஒரு வருகை 10 விநாடிக்கு மேல் நீடித்தால், அல்லது இரண்டு பக்கம் பார்த்தால், 'எங்கேஜ்டு' என்று கணக்கு. இது மிகக் குறைவாக உள்ள பக்கங்களை மட்டும் எடுத்து, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், வைஃபை இல்லாமல், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்கள் மூன்று. திரையின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் அசைய வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்தால் மூன்றும் வரும். உண்மையான பயனர்களின் எண் மேலே இருக்கும், அதைப் பாருங்கள். கீழே பச்சை வட்டத்தில் 100 வாங்குவதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

தமிழ்த் தளங்களில் பழகிய குற்றவாளிகள் மூன்று பேர். கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய 4 எம்பி படம்: அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, வெப்பி (WebP) வடிவில் 150 கேபிக்குள் ஏற்றுங்கள். முதல் படத்துக்கு மட்டும் 'லேஸி லோட்' (வாசகர் அங்கே வரும்போதுதான் படத்தை இறக்குவது) வேண்டாம், அது தாமதத்தைக் கூட்டும். இரண்டாவது, தமிழ் எழுத்துருவை நான்கு தடிமனில் இறக்குவது: சாதாரணம் ஒன்று, தடித்தது ஒன்று போதும். எழுத்துரு வரும்வரை போனில் உள்ள தமிழ் எழுத்திலேயே காட்டச் சொல்லும் 'ஸ்வாப்' அமைப்பைப் போடுங்கள். மூன்றாவது விளம்பரம். படித்துக்கொண்டிருக்கும்போது மேலே விளம்பரம் திடீரென்று விரிந்து வரிகளைக் கீழே தள்ளினால் வாசகர் போய்விடுவார். விளம்பரப் பெட்டிக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்குங்கள்.

வேகம் சரியாக இருந்தும் போகிறார்கள் என்றால் பதில் தாமதமாக வருகிறது. 'பட்டா என்றால் என்ன, அதன் வரலாறு' என்று நான்கு பத்தி கடந்த பிறகு விண்ணப்பிக்கும் முறை வரக் கூடாது. முதல் திரையிலேயே செய்முறை தொடங்க வேண்டும்.

அறிகுறி: நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று விழுந்துவிட்டது

எப்படி விழுந்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

அனலிட்டிக்ஸில் பூஜ்ஜியம், சர்ச் கன்சோலில் கிளிக் வழக்கம்போல: ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், எண்ணும் நிரல் போய்விட்டது. தீம் மாற்றியபோது காணாமல் போயிருக்கும்.

இரண்டிலும் ஒரே நாளில் செங்குத்தாக விழுந்தது: கதவு சாத்தியிருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

1. டொமைன் காலாவதியா, எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியா. தானாகப் புதுப்பிக்கும் அமைப்பு நின்றுபோனால் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும்.
2. மேலே சொன்ன நோஇன்டெக்ஸ், ரோபோட்ஸ். சோதனைத் தளத்தை அப்படியே நிஜத் தளத்தின் மேல் நகலெடுத்தால் இவையும் கூடவே வந்துவிடும்.
3. ஹோஸ்டிங்கின் ஃபயர்வால் (தடுப்பு அரண்) கூகுள்பாட்டை, அதாவது பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலைத் தடுக்கிறதா. உங்களுக்குத் தளம் திறக்கும், கூகுளுக்கு 403 (அனுமதி இல்லை) போகும். சர்ச் கன்சோலில் யுஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன், அதில் 'டெஸ்ட் லைவ் யுஆர்எல்' அழுத்தினால் தெரியும்.
4. 'செக்யூரிட்டி இஷ்யூஸ்', 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பக்கங்களில் செய்தி இருக்கிறதா. ஹேக் செய்தவர்கள் கூகுளுக்கு மட்டும் ஜப்பானிய எழுத்தில் போலிக் கடைப் பக்கங்களைக் காட்டி, உங்களுக்கு வழக்கமான பக்கத்தைக் காட்டுவார்கள். சைட் தேடலில் அறியாத எழுத்து தெரிந்தால் அதுதான்.
5. பெர்மாலிங்க் (பதிவுகளின் முகவரி) அமைப்பை மாற்றினீர்களா. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் ஸ்லக்கை (முகவரியின் கடைசிப் பகுதியை) மாற்றினால் பழையதிலிருந்து தானே திருப்பும். முழு அமைப்பையும் மாற்றினால் அதை நம்ப முடியாது, 301 போட வேண்டும், குறைந்தது ஒரு வருடம் எடுக்கக் கூடாது.

பல வாரங்களாகச் சரிந்துகொண்டே வருகிறது என்றால் வேறு கதை. சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கு வைத்திருப்பதால், சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பொங்கல் கோலம் பக்கம் ஜனவரி பாதிக்கு மேல் விழுவதும், பொதுத்தேர்வு முடிவுப் பக்கம் கோடை தாண்டியதும் படுப்பதும் நோயல்ல. பருவம் காரணமில்லை என்றால் கூகுள் சர்ச் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அந்தத் தேதியில் கோர் அப்டேட் (தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் கூகுள் செய்யும் பெரிய மாற்றம்) நடந்ததா என்று பாருங்கள். நடந்துகொண்டிருக்கும்போது எதையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள், முடிந்து ஒரு வாரம் கழித்து எந்த வகைப் பக்கங்கள் விழுந்தன என்று பிரித்துப் பாருங்கள்.

2025 செப்டம்பரில் பல தளங்களில் இம்ப்ரெஷன் மட்டும் விழுந்து, சராசரி இடம் உயர்ந்து, கிளிக் மாறாமல் இருந்தது. ஒரே பக்கத்தில் நூறு முடிவு எடுக்கும் வசதியைக் கூகுள் நிறுத்தியதால், தேடல் இடத்தைக் கண்காணிக்கும் கருவிகள் உண்டாக்கிய பொய் இம்ப்ரெஷன் குறைந்தது. பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் பள்ளம் இருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அறிகுறி: வாட்ஸ்அப்பில் பகிர்கிறோம், யாரும் தொடுவதில்லை

தமிழில் முகவரி வைத்தால் வரும் வினை பாதி. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (எழுத்தும், அதோடு ஒட்டும் கொம்பு, புள்ளி போன்றவையும் தனித்தனிக் குறியீடு) முகவரியில் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. 'திருமணம்' என்ற ஒரு சொல்லில் எட்டுக் குறியீடு, காப்பி எடுத்தால் 72 எழுத்து. குரூப்பில் விழும்போது வைரஸ் லிங்க் மாதிரி இருக்கும். வேர்ட்பிரஸ் ஸ்லக்கை 200 எழுத்தோடு நிறுத்திவிடுவதால் ஏறக்குறைய 22 குறியீட்டுக்கு மேல் நிற்காது, சொல் பாதியில் வெட்டுப்படும். பிளாக்கரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரி வெறும் 'பிளாக்-போஸ்ட்' என்று எண்ணோடு வந்துவிடும். இரண்டிலும் தீர்வு ஒன்றே: பதிவை வெளியிடுவதற்கு முன், முகவரியை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லாக நீங்களே வையுங்கள். தமிழ் முகவரியால் கூகுளில் இடம் குறைவதில்லை. அதனால் நன்றாக வந்துகொண்டிருக்கும் பழைய முகவரிகளைத் தோண்டி மாற்றாதீர்கள், புதிதுக்கு மட்டும் செய்யுங்கள்.

மீதிப் பாதி, படம் இல்லாத முன்னோட்டம். பகிரும்போது எந்தப் படம் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஓபன் கிராஃப் பட வரியில் 1200க்கு 630 அளவில், 300 கேபிக்குள் ஒரு படம் இருக்கட்டும். மாற்றிய பிறகும் பழைய படமே பேஸ்புக்கில் வந்தால் ஷேரிங் டீபக்கரில் முகவரியைக் கொடுத்து 'ஸ்கிரேப் அகெய்ன்' அழுத்துங்கள்.

வாட்ஸ்அப்பிலிருந்து வருபவர்கள் அனலிட்டிக்ஸில் பெரும்பாலும் 'டைரக்ட்' (எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்) என்றே விழுவார்கள். எந்தக் குரூப் ஆள் அனுப்புகிறது என்று தெரிய, பகிரும் லிங்க்கில் யுடிஎம் (வந்த வழியைச் சொல்ல முகவரியின் கடைசியில் ஒட்டும் குறிப்பு) சோர்ஸ், மீடியம், கேம்பெய்ன் மூன்றையும் சேருங்கள். தளத்துக்கு உள்ளேயே இருக்கும் இணைப்புகளில் யுடிஎம் போட்டுவிடாதீர்கள், கூகுளிலிருந்து வந்தவரையும் குரூப்பிலிருந்து வந்தவராகக் காட்டும்.

அறிகுறி: எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது, பயன் எதுவும் இல்லை

'டைரக்ட்' வருகை திடீரென்று பலமடங்கு, எல்லாம் ஒரே அயல்நாட்டு நகரத்திலிருந்து, தங்கிய நேரம் பூஜ்ஜியம். இது பாட், அதாவது ஆளில்லாமல் தானாக ஓடும் நிரல். தமிழ்ப் பக்கத்தைப் படிக்க ஒரே இரவில் அத்தனை பேர் அங்கிருந்து கிளம்பி வர மாட்டார்கள். அனலிட்டிக்ஸ் அறிக்கையில் அந்த நகரத்தை விலக்கி மீண்டும் பாருங்கள், பழைய எண் வந்துவிடும். விளம்பரம் வைத்திருக்கும் தளம் என்றால் அந்த வருகைகளை ஃபயர்வாலிலேயே நிறுத்துங்கள், பொய்க் கிளிக் சேர்ந்தால் விளம்பரக் கணக்கையே முடக்குவார்கள். ஆயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் விசிட்டர் என்று விற்பவர்கள் அனுப்புவதும் இதே சரக்குதான்.